பெற்றவர் ஒன்று நினைக்க, பிள்ளை ஒன்று நினைக்க: வேறுபாடு எங்கே தொடங்குகிறது?

படிப்பு, வேலை, திருமணம், கடவுள் நம்பிக்கை, பணம், வீட்டுக்கு வரும் நேரம் என்று வாக்குவாதம் எதில் தொடங்கினாலும், கொஞ்ச நேரத்தில் அது "உங்களுக்கு இந்தக் காலம் புரியாது", "உனக்கு வாழ்க்கை தெரியாது" என்ற இடத்துக்கு வந்து நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு பேச எதுவும் மிச்சமில்லை. தங்கள் விழுமியங்கள் ஒத்துவரவே வராது என்ற முடிவோடு இருவரும் எழுந்து போகிறார்கள்.

பல நேரங்களில் அந்த முடிவு தவறு. ஒருவர் சொன்னதை மற்றவர் வேறு மாதிரி புரிந்துகொண்டிருப்பார். அல்லது இருவரும் விரும்புவது ஒன்றாகவே இருந்து, எது முதலில் என்ற வரிசை மட்டும் மாறியிருக்கும். அல்லது, இதுதான் அதிகம், அந்த முடிவை எடுக்கும் உரிமை யாருக்கு என்பதில் தகராறு இருக்கும். இந்த மூன்றையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் உண்மையான விழுமிய வேறுபாடு. அது இருக்கவே செய்கிறது. ஆனால் நினைப்பதைவிடச் சிறியது. எது எந்த வகை என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே அறிவுரையை நீட்டுவதால்தான் வீட்டில் பேச்சு முறிகிறது.

வயதா, காலமா, பிழைப்பா?

சமூகவியலாளர் கார்ல் மன்ஹைம் 1928-இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: பதின்வயதின் பிற்பகுதியிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் ஒருவர் எதிர்கொள்ளும் உலகம்தான் அவருடைய பார்வையை மற்ற எந்தக் காலத்தையும்விட ஆழமாக உருவாக்குகிறது. அரசியல் அறிவியலாளர் ரொனால்ட் இங்கிள்ஹார்ட் 1970-களில் இதை ஒட்டி ஒரு கணிப்பைச் சொன்னார். தட்டுப்பாட்டிலும் நிச்சயமின்மையிலும் வளர்ந்தவர்கள் பொருளாதாரப் பாதுகாப்பையும் ஒழுங்கையும் முன்னால் வைப்பார்கள். அவை கைவசம் இருக்கும் நிலையில் வளர்ந்தவர்கள் சுய வெளிப்பாட்டையும் தேர்வு செய்யும் சுதந்திரத்தையும் முன்னால் வைப்பார்கள். பிற்பாடு வசதி வந்தாலும் முதல் தரப்பின் வரிசை எளிதில் மாறுவதில்லை. கையில் போதிய சேமிப்பு இருந்தும் பெற்றோர் ஒருவர் "வேலை போய்விட்டால்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பதற்கு இது ஒரு விளக்கம். அவர் இன்றைய கணக்கைப் பார்த்துப் பயப்படவில்லை.

ஆனால் எல்லாவற்றையும் காலத்தின் மேல் போட்டுவிட முடியாது. உளவியலாளர் ஷாலோம் ஷ்வார்ட்ஸ் 1992-இல் வெளியிட்ட வகைப்பாட்டில் மனிதர்களின் அடிப்படை விழுமியங்கள் 10. அவை ஒரு வட்டமாக அமைந்தவை. அருகருகே இருப்பவை ஒத்துப்போகும், எதிரெதிரே இருப்பவை இழுத்துக்கொள்ளும். பாதுகாப்பு, இணங்கிப்போதல், மரபு ஆகியவை ஒரு பக்கம். சுயமாக முடிவெடுத்தல், புதுமையைத் தேடுதல் ஆகியவை அதற்கு நேர் எதிரே. பல நாடுகளில் எடுத்த அளவீடுகளில் வயது கூடக் கூட முதல் பக்கத்துக்கு எடை ஏறுவதும், புதுமைக்கும் இன்பத்துக்கும் எடை குறைவதும் தெரிகிறது. ஆக, இன்றைய வேறுபாட்டில் ஒரு பங்கு தலைமுறை சார்ந்ததே அல்ல. இன்றைய பிள்ளையும் ஐம்பது வயதில் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்திருப்பார்.

எது வயதால் வந்தது, எது காலத்தால் வந்தது என்று ஓரளவு கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும். "இதே வயதில் உங்களுக்கு என்ன ஆசை இருந்தது?" என்று பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள். "எனக்கும் இதே ஆசைதான், வீட்டில் விடவில்லை" என்று பதில் வந்தால் அது வயது. "அப்படி ஒரு வழி இருப்பதே எங்களுக்குத் தெரியாது" என்று வந்தால் அது காலம். முதல் பதிலில் அனுதாபத்துக்கு இடம் இருக்கிறது. இரண்டாவதில் தகவல் கொடுத்தாக வேண்டும்; அந்த வேலை எப்படி நடக்கிறது, வருமானம் எங்கிருந்து வருகிறது, தோற்றவர்கள் என்ன ஆகிறார்கள் என்று. தகவல் தேவைப்படுகிற இடத்தில் உணர்ச்சியைக் கொட்டுவதும், அனுதாபம் தேவைப்படுகிற இடத்தில் புள்ளிவிவரம் அடுக்குவதும் ஒரே அளவுக்கு வீண்.

மூன்றாவது காரணம் அதிகம் பேசப்படாதது. மெல்வின் கோன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், பெற்றோர் பார்க்கும் வேலைக்கும் அவர்கள் பிள்ளையிடம் எதிர்பார்க்கும் குணத்துக்கும் உள்ள தொடர்பை 1950-களின் இறுதியிலிருந்து ஆராய்ந்தார். நெருக்கமான மேற்பார்வையின் கீழ், சொன்னதைச் சொன்னபடி செய்ய வேண்டிய வேலையில் இருப்பவர்கள் பிள்ளைகளிடம் கீழ்ப்படிதலை அதிகம் மதித்தார்கள். தாமே யோசித்து முடிவெடுக்கும் வேலையில் இருப்பவர்கள் சுய சிந்தனையை அதிகம் மதித்தார்கள். இதில் நல்ல பெற்றோர், கெட்ட பெற்றோர் என்ற பேச்சே இல்லை. தனக்குத் தெரிந்த உலகத்தில் எது பிழைக்க உதவியதோ அதையே பிள்ளைக்குக் கொடுக்கிறார்கள். பிள்ளை போய்ச் சேரும் உலகம் வேறாக இருக்கும்போது, அக்கறையாகக் கொடுத்தது தடையாகத் தெரிகிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். பெற்றோர் தமக்காக விரும்புவதும் பிள்ளைக்காக விரும்புவதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. இளமையில் துணிந்து இறங்கியவரே தன் மகன் அப்படி இறங்கக் கூடாது என்று நிற்பார். "நீங்க மட்டும் செஞ்சீங்களே" என்ற வாதம் அதனால்தான் எடுபடுவதில்லை. அந்த அடி வாங்கியவர் அவர்.

சொன்னது ஒன்று, போய்ச் சேர்ந்தது ஒன்று

பெற்றோரின் விழுமியம் பிள்ளைக்குப் போய்ச் சேருவதை உளவியலாளர்கள் ஜோன் க்ரூசெக், ஜாக்குலின் குட்நவ் இருவரும் 1994-இல் இரண்டு படிகளாகப் பிரித்தார்கள். முதலில் பிள்ளை அதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பிறகுதான் ஏற்பதா, மறுப்பதா என்ற கட்டம். இரண்டாவது படியில் சிக்கல் என்று நாம் நினைக்கும் பல இடங்களில் முதல் படியே ஏறப்படவில்லை. 

புரிதல் எங்கே கெடுகிறது? முதலாவது, வாயும் செயலும் வேறாக இருப்பது. "மார்க் முக்கியம் இல்லை, கத்துக்கிட்டா போதும்" என்று சொல்லும் அம்மா, பள்ளியிலிருந்து வந்ததும் முதலில் கேட்பது மார்க்கை என்றால், பிள்ளை எடுத்துக்கொள்வது கேள்வியைத்தான். இரண்டாவது, அப்பாவும் அம்மாவும் வெவ்வேறு செய்தி சொல்வது. மூன்றாவது, தூது. "அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்று அம்மா நடுவில் நிற்கும் வீடுகளில், மகனுடைய காரணம் அப்பாவிடம் போகும்போது கெஞ்சலாக மாறுகிறது; அப்பாவின் கவலை மகனிடம் வரும்போது தடையுத்தரவாக மாறுகிறது. நடுவில் நிற்பவர் நல்ல எண்ணத்தோடுதான் சொற்களை மாற்றுகிறார். மாறிய பிறகு வந்து சேர்வது அசல் இல்லை.

ஏரியல் நாஃபோவும் ஷ்வார்ட்ஸும் பதின்வயதினரிடம் செய்து 2003-இல் வெளியிட்ட ஆய்வும் இதை ஒட்டியே போகிறது. பெற்றோரின் செய்தி தெளிவாகவும் முன்னுக்குப் பின் முரணில்லாமலும் இருந்த வீடுகளில், உறவில் கனிவு இருந்த வீடுகளில், பெற்றோர் உண்மையில் எதை மதிக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகள் கூடுதல் துல்லியமாகச் சொன்னார்கள். 

இதோடு ஒரு சாய்வும் சேர்ந்துகொள்கிறது. வெர்ன் பெங்ட்சன் 1971-இலிருந்து அமெரிக்காவில் பல தலைமுறைக் குடும்பங்களைத் தொடர்ந்து ஆராய்ந்தவர். "நாங்கள் நெருக்கமாகத்தான் இருக்கிறோம், ஒரே மாதிரிதான் யோசிக்கிறோம்" என்று பெற்றோர் சொல்லும் அளவுக்குப் பிள்ளைகள் சொல்வதில்லை என்பது அவர் எடுத்துக்காட்டிய விஷயம். தன் வாழ்க்கையின் தொடர்ச்சியாகப் பிள்ளையைப் பார்ப்பவருக்கு ஒற்றுமை பெரிதாகத் தெரியும். தனியாள் ஆக முயல்பவருக்கு வேற்றுமை பெரிதாகத் தெரியும். "நேத்து வரைக்கும் நல்லாதானே இருந்தான், திடீர்னு என்ன ஆச்சு?" என்று பெற்றோர் திகைப்பதன் பின்னணி பெரும்பாலும் இதுவே. பிள்ளைக்கு அதில் திடீர் எதுவும் இல்லை.

யாருடைய முடிவு?

உளவியலாளர் எலியட் டூரியலும் அவருக்குப் பின் ஜூடித் ஸ்மெட்டானாவும் வளர்த்தெடுத்த வகைப்பாடு, வீட்டுச் சண்டைகளைப் பிரிக்க மிகவும் கைகொடுக்கும். விஷயங்கள் நான்கு வகை. பிறரைப் பாதிக்கும் நியாய அநியாயம்: பொய், திருட்டு, அடித்தல். குடும்பமோ சமூகமோ வைத்துக்கொண்ட வழக்கம்: பெரியவர்களிடம் பேசும் முறை, சேர்ந்து சாப்பிடுதல். உடல்நலமும் பாதுகாப்பும்: போதைப்பொருள், இரவில் வண்டி ஓட்டுதல். நான்காவது, சொந்த விருப்பம்: முடி, உடை, நண்பர்கள், தன் அறை.

முதல் வகையிலும் மூன்றாம் வகையிலும் பெற்றோர் தலையிடலாம் என்பதைப் பதின்வயதினர் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள். சண்டை நடப்பது, ஒரே விஷயத்தை ஒருவர் வழக்கம் அல்லது பாதுகாப்பு என்றும் மற்றவர் சொந்த விஷயம் என்றும் எடுத்துக்கொள்ளும்போது. 14 வயதுப் பெண்ணின் அறை அலங்கோலமாகக் கிடக்கிறது. அம்மாவுக்கு அது வீட்டின் ஒழுங்கு. மகளுக்கு அது தன் இடம். அம்மா சுத்தத்தின் அருமையை எவ்வளவு விளக்கினாலும் பயனில்லை, ஏனென்றால் மகள் சுத்தத்தை மறுக்கவே இல்லை. இங்கே அறையை இரண்டாகப் பிரிப்பது வேலை செய்யும்: சாப்பிட்ட தட்டு, ஈரத்துணி, பூச்சி வர வைக்கும் குப்பை ஆகியவை அன்றன்றே வெளியே வர வேண்டும், அது எல்லோருக்குமான விஷயம்; புத்தகமும் துணியும் எங்கே கிடந்தாலும் அது அவள் பாடு. கைபேசியையும் இப்படிப் பிரிக்கலாம். எத்தனை மணிக்குத் தூங்குவது என்பது உடல்நலம். யாரிடம் பேசுகிறாள் என்பதில் பெரும்பகுதி சொந்த விஷயம். முன்பின் தெரியாதவருக்குப் படமோ முகவரியோ அனுப்புவது பாதுகாப்பு. "போனைக் கொடு" என்று மூன்றையும் ஒரே கட்டளையில் போட்டால், நியாயமான இரண்டும் சேர்ந்து எதிர்ப்பை வாங்கிக்கொள்ளும்.

கண்காணிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. சுவீடனில் 14 வயதினரையும் அவர்கள் பெற்றோரையும் ஆராய்ந்து ஹோகன் ஸ்டாட்டினும் மார்கரெட் கெரும் 2000-இல் வெளியிட்ட முடிவு பலருக்கும் அதிர்ச்சியாக இருந்தது. பிள்ளை எங்கே போகிறது, யாரோடு இருக்கிறது என்று பெற்றோருக்குத் தெரிந்திருப்பது துருவித் துருவிக் கேட்டதாலோ கட்டுப்படுத்தியதாலோ அதிகம் வரவில்லை; பிள்ளை தானாகச் சொன்னதால்தான் வந்தது. அப்படியானால் பெற்றோரின் கையில் இருக்கும் உண்மையான கருவி, கெட்ட செய்தியைக் கேட்கும்போது முதல் ஐந்து நிமிடம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதே. அந்த ஐந்து நிமிடத்தில் கத்தினால் அந்த வகைச் செய்தி அடுத்த முறை வராது.

உரிமையைக் கைமாற்றுவதை எழுதி வைத்துக்கொள்வது நல்லது. ஒரு தாளில் இடமிருந்து வலமாக மூன்று பத்திகள் போதும்: பெற்றோர் முடிவெடுத்து, பிள்ளை கருத்துச் சொல்பவை; சேர்ந்து முடிவெடுப்பவை; பிள்ளை முடிவெடுத்து, வீட்டில் தெரிவிப்பவை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தாளை எடுத்து, ஒன்றிரண்டையாவது வலப்பக்கம் நகர்த்த வேண்டும். இதில் வழக்கமாக நடக்கும் தவறு, நகர்த்திய பிறகு முதல் தப்பிலேயே திரும்பப் பிடுங்கிக்கொள்வது. பணத்தை வீணாக்கினால் அந்த மாதம் பணமில்லாமல் இருக்கட்டும். முடிவெடுக்கும் உரிமை அங்கேயே இருக்கட்டும். பாதுகாப்பு சார்ந்த தப்புக்கு மட்டும் விதிவிலக்கு, அதையும் எத்தனை வாரத்துக்கு என்று சொல்லிவிட்டே எடுக்க வேண்டும்.

பதின்வயது போகப் போகச் சண்டை கூடும் என்ற பொது நம்பிக்கையைப் பற்றியும் ஒரு திருத்தம். ப்ரெட் லார்சனும் உடன் ஆய்வாளர்களும் பல ஆய்வுகளைத் தொகுத்து 1998-இல் காட்டியபடி, சண்டைகளின் எண்ணிக்கை தொடக்கப் பதின்வயதுக்குப் பிறகு குறைகிறது. தொடக்கத்திலிருந்து நடுப்பதின்வயது வரை கூடுவது அவற்றின் சூடு. குறைவாகச் சண்டை நடக்கிறது, நடக்கும்போது அதிகம் சுடுகிறது.

வளர்ந்த பிள்ளையிடம் பேசுதல்

26 வயது மகள் நிரந்தர வேலையை விட்டுச் சிறிய நிறுவனம் ஒன்றில் சேர நினைக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம்.

"நிரந்தர வேலையை யாராவது விடுவாங்களாம்மா?"

"அங்க எனக்குக் கத்துக்க ஒண்ணுமே இல்லப்பா."

அப்பா கேட்டது பாதுகாப்பைப் பற்றி. மகள் பதில் சொன்னது வளர்ச்சியைப் பற்றி. இரண்டும் நல்ல பேச்சுதான், ஆனால் ஒன்றையொன்று தொடவே இல்லை. இதே தடத்தில் ஒரு மணி நேரம் போனாலும் அப்பாவின் கவலைக்குப் பதில் கிடைக்காது. மகளின் காரணத்தையும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். 

மாற்று வழி இது. பேசுவதற்கு முன் ஆளுக்கு ஒரு தாள், பதினைந்து நிமிடம். இந்த முடிவில் தனக்கு முக்கியமானவை ஐந்தை வரிசையாக எழுத வேண்டும். அதன் கீழே, மற்றவர் என்ன ஐந்து எழுதியிருப்பார் என்று ஊகித்து எழுத வேண்டும். பிறகு மாற்றிக்கொண்டு படிக்க வேண்டும். வருமானம், மரியாதை, உடம்பு, எதிர்காலம் எல்லாம் இரண்டு தாளிலும் ஏறக்குறைய இருக்கும், வரிசை மாறியிருக்கும். பயனுள்ள பகுதி கீழே உள்ள ஊகம். "ஊர் என்ன சொல்லும்" என்பதே அப்பாவின் முதல் கவலை என்று மகள் எழுதியிருப்பாள். அது அவர் பட்டியலிலேயே இருக்காது. அடுத்து, ஒருவர் பேச, கேட்டவர் தன் பதிலைச் சொல்வதற்கு முன் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பேசியவர் "ஆமாம், அதுதான்" என்று சொல்லும்வரை பதிலுக்குப் போகக் கூடாது. செயற்கையாகத்தான் இருக்கும். இரண்டு முறை திருப்பிச் சொல்ல நேர்ந்தாலே எவ்வளவு தவறாகக் கேட்டுக்கொண்டிருந்தோம் என்பது விளங்கிவிடும். அதன் பிறகு உரையாடல் இப்படித் திரும்பலாம்:

"சம்பளம் வரலைன்னா எத்தனை மாசம் தாக்குப்பிடிப்பே?"

"ஆறு மாசச் செலவுக்குக் கையில வெச்சிருக்கேன். ஒரு வருஷம் பார்ப்பேன். நடுவுல ரெண்டு மாசம் சேர்ந்தாப்பல சம்பளம் நின்னா வேற தேடிருவேன்."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே."

"நீங்க இதைக் கேக்கவே இல்லையேப்பா."

முடிவு மகளுடையது, அப்பா அதை விரும்ப வேண்டியதில்லை. ஆனால் அவருடைய கவலைக்கு ஓர் எண்ணும் ஒரு கெடுவும் கிடைத்துவிட்டன. 

இந்தப் பேச்சு எங்கெல்லாம் சறுக்கும் என்பதையும் பார்த்துவிடலாம். ஒரே உட்காரலில் ஒரு விஷயம்தான். வேலையோடு திருமணப் பேச்சும் சேர்ந்தால் இரண்டும் கெடும். அரை மணிக்கு மேல் இழுத்தால் பழைய கணக்குகள் வெளியே வரும், ஆகவே நிறுத்திவிட்டு இரண்டு நாள் கழித்துத் தொடர்வது மேல். நிகழ்வின் நடுவில் கொள்கை பேசக் கூடாது. நள்ளிரவில் வாசலில் நிற்கும் மகனிடம் "சாப்பிட்டியா, போய்ப் படு, நாளைக்குப் பேசலாம்" என்பது போதும். பிள்ளைகள் பக்கமும் ஒரு வழக்கமான தவறு உண்டு: எல்லாம் முடிந்த பிறகு வந்து சொல்வது. பெற்றோரின் காதில் அப்போது விழுவது முடிவு இல்லை, "உங்களைக் கேட்கத் தேவையில்லை" என்பது. முடிவெடுக்கும் உரிமை தன்னிடம் இருந்தாலும், முன்கூட்டிச் சொல்வதால் அது குறைந்துவிடாது.

பெற்றோர் செய்வது, எதிர்ப்பு வந்ததும் இன்னும் விளக்கமாக, இன்னும் அழுத்தமாகச் சொல்வது. தன் சுதந்திரம் பறிபோகிறது என்று ஒருவருக்குத் தோன்றினால், பறிபோகும் அந்த வழியே முன்பைவிடக் கவர்ச்சியாகத் தெரியும் என்பதை உளவியலாளர் ஜாக் ப்ரெம் 1966-இலேயே கோட்பாடாக்கினார். பிடிக்காத காதலை அதட்டி அதட்டிக் கெட்டிப்படுத்தும் வீடுகள் எத்தனை!

வேறுபாடு உண்மையாகவே இருந்தால்

தவறான புரிதல், வரிசை, உரிமை மூன்றையும் கழித்த பிறகும் சில மிஞ்சும். நம்பிக்கை உள்ள வீட்டில் பிள்ளைக்கு நம்பிக்கை இல்லை. அரசியலில் எதிரெதிர். குழந்தை வேண்டாம் என்று மகனும் மருமகளும் முடிவெடுத்திருக்கிறார்கள். இவற்றில் யாரும் யாரையும் தவறாகக் கேட்கவில்லை.

இங்கே மிகவும் சேதம் செய்வது, அன்பை நிபந்தனையாக்குவது. அவி அசோர், கை ரோத், எட்வர்ட் டெசி ஆகியோர் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், எதிர்பார்த்தபடி நடந்தால் பாசம், நடக்காவிட்டால் முகத்திருப்பல் என்று வளர்ந்தவர்கள் எதிர்பார்த்ததைச் செய்யத்தான் செய்தார்கள். ஆனால் உள்ளே ஒரு கட்டாயத்தோடு. செய்து முடித்தால் கொஞ்ச நேர நிம்மதி, தவறினால் அவமானம், பெற்றோர் மேல் கசப்பு. பேசாமல் இருந்து சாதிப்பது பலிக்கிறது என்று தோன்றுவதும், அதே சமயம் உறவு உள்ளுக்குள் தேய்வதும் இதனால்தான். நேர்மாறாக, பெங்ட்சனின் ஆய்வில் மத நம்பிக்கை அடுத்த தலைமுறைக்குப் போன வீடுகளில் முக்கியமாகத் தெரிந்தது பெற்றோருடன், குறிப்பாகத் தந்தையுடன், இருந்த கனிவான உறவு. கண்டிப்பால் நம்பிக்கையைக் காப்பாற்ற முனைபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பணத்தை இதற்குள் கொண்டுவராமல் இருப்பது கடினம், ஆனால் தேவை. வளர்ந்த பிள்ளைக்குப் பெற்றோர் உதவும்போது மூன்றில் எது என்று கொடுக்கும் அன்றே சொல்லிவிட வேண்டும்: அன்பளிப்பா, எந்த மாதத்திலிருந்து எவ்வளவு திரும்ப வேண்டும் என்று பேசிய கடனா, நிபந்தனையோடு தருவதா. நிபந்தனை என்றால் அதை முதலிலேயே சொன்னால் பிள்ளை மறுக்க வழி இருக்கும். அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டு இரண்டு வருடம் கழித்து "நாங்க குடுத்த பணத்துலதானே" என்று எடுப்பதுதான் வாங்கியவரால் மறக்க முடியாதது.

பேரப்பிள்ளை வந்த பிறகு வேறுபாடு புதுத் தளத்துக்கு மாறும்: தூக்கம், தின்பண்டம், திரை நேரம், அடிப்பது. பொதுவாக ஓடக்கூடிய ஏற்பாடு, குழந்தையின் பெற்றோர் மூன்று நான்கு விஷயங்களை மட்டும் மாற்ற முடியாத விதியாகச் சொல்லிவிட்டு (மருந்து, ஒவ்வாமை, வண்டிப் பாதுகாப்பு, அடிக்கக் கூடாது), மற்றதைத் தாத்தா பாட்டி வீட்டில் அவர்கள் வழிக்கு விடுவது. இருபது விதி எழுதிக் கொடுத்தால் அந்த நான்கும் அதில் காணாமல் போகும்.

பேசவே கூடாத தலைப்பு என்று ஒன்றிரண்டை இருவரும் ஒப்புக்கொண்டு ஒதுக்குவதில் தவறில்லை, அதற்கு ஒரு கெடு வைத்தால். "அடுத்த ஆறு மாதம் இதை எடுக்க மாட்டோம்" என்பது நிம்மதி தரும். கெடு இல்லாத மௌனத்தை ஒருவர் சம்மதம் என்றும் மற்றவர் வெறுப்பு என்றும் படித்துக்கொள்வார்கள். மூன்றாமவரை அழைப்பதானால் இருவரும் சம்மதித்த ஒருவராக, முடிவில் தனக்கு லாப நட்டம் இல்லாதவராக, கேட்டதை வெளியே சொல்லாதவராக இருக்க வேண்டும். சொந்தத்தில் மூத்தவர் என்பது மட்டும் தகுதி ஆகாது. அடி, மிரட்டல், வீட்டில் அடைத்துவைத்தல், கட்டாயத் திருமணம் என்ற இடத்துக்குப் போய்விட்ட வீட்டில் மேலே சொன்ன தாளும் பட்டியலும் செல்லாது. அங்கே முதல் வேலை, ஆபத்தில் இருப்பவர் பாதுகாப்பான இடத்துக்குப் போவதும், காவல் துறை, உதவி எண், வழக்கறிஞர் என்று வெளியிலிருந்து உதவி பெறுவதும்தான்.